நப்போசா குரல் கொடுத்த பேய்ப்படம்

நப்போசாவுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சின்ன வயதிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை ஓங்கினால் சிரிப்பாள், அதற்கும் சேர்த்து இன்னும் நாலு அடி விழும். கல்யாணமாகி, மசாக்கா ரோட்டில் லாரி ஓட்டுகிற புருஷனோடு போனபோது, லாரி பள்ளத்தில் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். அவன் கடவுளைக் கூப்பிட, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். கடைசியில் அந்த மனுஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். “இவகூட இருந்தா நான் சாகும்போதும் சிரிப்பா” என்று காரணம் வேறு சொன்னான். போனவன் போகட்டும். இந்தக் கதையில் அவனுக்கு இதற்குமேல் இடம் கிடையாது.

அவள் பிழைப்பு கம்பாலா நகரத்தில், ண்டேபா என்கிற பேட்டையில். மரம் அறுக்கிற பட்டறையும் பழைய இரும்புக் கடையுமாக நாள் முழுக்க ரம்பச் சத்தம். அங்கே யாரும் பேசுவது கிடையாது, எல்லாம் கத்தல்தான். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஹாஜி லுப்வாமாவின் படக்கொட்டகை. பட்டறையில் கழித்துப்போட்ட பலகையும் தகரமுமாக அடித்து நிறுத்திய சுவர், உள்ளே முதுகு சாய வழியில்லாத பெஞ்சுகள், எதிரே உயரமான மேசைமேல் பெரிய டிவி, பின்னால் உறுமிக்கொண்டே இருக்கிற ஜெனரேட்டர். கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் நப்போசாவின் சப்பாத்திக் கல். சப்பாத்திமேல் முட்டையை ஊற்றி, தக்காளி, முட்டைக்கோசு தூவி, சுருட்டிக் கொடுப்பாள். அதற்கு ரோலெக்ஸ் என்று பெயர். கையில் கட்டுகிறது இல்லை, வாயில் போடுகிறது.

கொட்டகையில் ஓடுகிற படமெல்லாம் இங்கிலீஷோ சீனமோ இந்தியோ. பார்க்க வருகிறவர்கள் லுகாண்டா பேசுகிறவர்கள். அதனால் டிவிக்குப் பக்கத்தில் விஜே என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் மைக், இன்னொரு கை படத்தின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழில். படத்தில் யார் வாயைத் திறந்தாலும் இவர் லுகாண்டாவில் பேசுவார். அவர்கள் திறக்காவிட்டாலும் இவர் பேசுவார். வெள்ளைக்காரத் திருடனுக்கு உள்ளூர்ப் பெயர் வைப்பார், அவன் மாமியார் எந்த ஊர் என்றும் சொல்வார். ஹாஜியின் விஜே பெயர் கசிரியே. தொண்டையா அது, லாரி ஹார்ன்! சண்டைப் படத்தில் அடி வாங்குகிறவனைவிட இவர் அதிகமாக முனகுவார்.

இதையெல்லாம் நப்போசா வருஷக்கணக்காகச் சுவருக்கு வெளியே நின்று கேட்டாள். துப்பாக்கிப் படம் ஓடினால் அவள் பாட்டுக்கு மாவு பிசைவாள். டமால் டுமீல், அதில் கேட்க என்ன இருக்கிறது? எப்போதாவது ஹாஜி தெரியாத்தனமாக ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படத்தை வாங்கி வந்துவிடுவார். உள்ளே திடீரென்று அமைதி. ஒரு கதவு கிறீச்சிடும். யாரோ மாடிப்படி ஏறுகிற சத்தம், அதுவும் அவசரமே இல்லாமல். அவ்வளவுதான், நப்போசா சப்பாத்தியைக் கல்லிலேயே விட்டுவிட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையில் கண்ணை வைத்துவிடுவாள். சப்பாத்தி கருகும். வாடிக்கைக்காரன் கத்துவான். இவள் ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு சிரிப்பாள்.

“அடியே, பேய் படம் பாத்து சிரிக்கிறவ உலகத்திலேயே நீ ஒருத்திதான்” என்பாள் பக்கத்தில் வேர்க்கடலை விற்கிற நாக்கிகாண்டா.

“பேய் எங்கடி இருக்கு? பேய் இருந்தா அது குழந்தைப் படம். நல்ல படத்துல பேயே இருக்காது. மனுஷன்தான் இருப்பான். நல்ல சட்ட போட்டிருப்பான், சாப்பிட்டியான்னு கேப்பான். அவன் கேக்குறதுல ஏதோ ஒண்ணு சரியில்லன்னு நமக்குத் தோணும் பாரு, அதான் படம்.”

ரத்தம் தெறிக்கிற படங்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். “கத்தியக் காட்டுறவன் கசாப்புக்காரன்டி. நம்ம வீட்டுக் கத்திய எங்க வச்சோம்னு நம்மளத் தேட வைக்கிறான் பாரு, அவன்தான் படம் எடுக்கிறவன்” என்பாள். ஒரு படத்தில் குருட்டுக் கிழவர் தினமும் தேநீருக்கு இரண்டு கோப்பை எடுத்து வைப்பார். ஒருநாள் யாரோ மூன்றாவது கோப்பையை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நப்போசா ஒரு வாரம் வீட்டில் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஒரு பெண் தன்னுடைய குரலையே பக்கத்து அறையில் கேட்பாள். அந்தப் படத்தில் மொத்தமே நாலு பேர், ஒரு வீடு. யார் கன்னத்திலும் ஒரு அடி விழுவதுகூடக் கிடையாது. ஆனால் அன்றைக்கு நப்போசா சுருட்டிக் கொடுத்த ரோலெக்ஸில் முட்டையே இல்லை என்று மூன்று பேர் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த மாதிரிப் படங்களைக் கசிரியே நாசம் பண்ணுவார். அதுதான் அவளுக்குத் தாங்காது. கதவு மெல்லத் திறக்கும், மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கவேண்டிய நேரம். இவர் மைக்கில், “இதோ கதவு தெறக்குது! கதவுக்கு எண்ணெய் போடாத சோம்பேறி! எங்க ஊர்ல இந்தக் கதவு என்ன வெல தெரியுமா!” என்று முழங்குவார். நப்போசா வெளியே தோசைத் திருப்பியால் கல்லை ஓங்கி அடிப்பாள். “வாய மூடுய்யா!” அந்த மைக் தன் கையில் இருந்தால் எங்கே பேசுவோம், எங்கே பேசாமல் இருப்போம் என்று மாவு பிசையும்போதெல்லாம் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆசையென்றால் அப்படியொரு ஆசை. சோறு தண்ணீர் மாதிரி அது அவளுக்கு வேண்டும்.

ஒருநாள் கசிரியே நத்தேட்டேயில் புதிதாக வந்த கொட்டகைக்குப் போய்விட்டார். சொல்லாமல் கொள்ளாமல் போனார், போகும்போது பாதி ரசிகர்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஹாஜி லுப்வாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நப்போசா கையைத் துடைத்துக்கொண்டு நேரே போய் நின்றாள்.

“ஹாஜி, மைக்க எங்கிட்ட குடுங்க.”

“எதுக்கு? ரிப்பேர் பண்ணவா?”

“பேச.”

ஹாஜி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, பொம்பளக் குரல்ல துப்பாக்கி வெடிக்குமா?”

“துப்பாக்கிய துப்பாக்கியே வெடிச்சுக்கும் ஹாஜி. எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் குடுங்க. படம் நான் சொல்றதுதான். பேய்ப் படம்.”

“கெட்டுது போ! கறுப்பு வெள்ளையா? வர்றவன் கால் மணி நேரத்துல எந்திரிச்சுப் போயிடுவான்.”

“போகலன்னா?”

ஹாஜி தாடியைத் தடவினார். மனுஷனுக்கு வேறு விஜே கிடைக்காத நேரம், அது அவள் அதிர்ஷ்டம். “சரி. படம் முடியும்போது என் பெஞ்செல்லாம் நெறஞ்சிருக்கணும். நெறஞ்சிருந்தா மைக் ஒனக்கு. காலியா இருந்தா, நீ சப்பாத்திக் கல்லப் பாரு, இனிமே இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் நப்போசா. பயத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹாஜி அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

படத்தை அவள் முன்பே தேர்ந்து வைத்திருந்தாள். கேசட் வாடகைக் கடையில் அடியில் கிடந்த பழைய படம். நாக்கிகாண்டா வீட்டு டிவியில், மத்தியான வேளையில், ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். கதை இதுதான். ஏரிக்கரையில் ஒரு பெரிய வீடு. வீட்டுப் பெரியவர் மாடிப்படியில் உருண்டு செத்துப்போனார் என்று தகவல் வந்து, அவர் மகள் ஊரிலிருந்து வருகிறாள். பெரிய கண், மெல்லிய குரல், கையில் எப்போதும் கம்பளி நூலும் ஊசியும், ஒரு கழுத்துத் துண்டு பின்னிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் அவளுடைய அத்தை, ஒரு தோட்டக்காரன், முகத்தில் சிரிப்பென்பதே இல்லாத ஒரு டாக்டர். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசிக் கட்டம் வந்தபோது கேசட் தேய்ந்துபோய்ப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தது. உருவம் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. போலீஸ்காரர் போனில் யாருக்கோ இங்கிலீஷில் சொல்கிறார்: அவள்தான் செய்தாள், இப்போது மேலே அவனோடு இருக்கிறாள். அப்புறம் ஓர் அலறல். படம் முடிந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் மேலே போக முடியாது. லுகாண்டாவில் அவன், அவள் என்கிற பிரிவே கிடையாது. வந்தான், வந்தாள் எல்லாம் ஒரே சொல். அதனால் ண்டேபாக்காரர்கள் இங்கிலீஷ் பேசும்போது ஹீயும் ஷீயும் குலுக்கிப் போட்ட சீட்டு மாதிரி எது வேண்டுமானாலும் வரும். அம்மா வந்தான் என்பார்கள், அப்பா சமைக்கிறாள் என்பார்கள். யாருக்கும் குழப்பமில்லை, யாரும் திருத்த மாட்டார்கள். இந்தக் கதையைத் தமிழில் சொல்ல வந்த எனக்குத்தான் தலைவலி, வாயைத் திறந்தால் அவனா அவளா சொல்லித் தொலை என்று தமிழ் என் பிடரியைப் பிடிக்கிறது. அன்றைக்கு நப்போசாவுக்கு அந்த உபத்திரவம் இல்லை. அவள் காதில் விழுந்தது, ‘அந்த ஆள்தான் செய்தது, அந்த ஆள் இப்போது மேலே, இன்னொரு ஆளோடு’ என்பதுதான். எந்த ஆள்? கேட்கவும் வேண்டுமா! சிரிக்காத டாக்டர் மாடியில் அந்தப் பெண்ணோடு இருக்கிறான், கொல்லப் போகிறான். நாக்கிகாண்டாவும் அப்படித்தான் சொன்னாள். “பாவி டாக்டர்!” என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குரல் திட்டிவிட்டுத் தேநீர் குடித்தார்கள்.

புள்ளியடிக்கிற படத்தைப் போட்டால் ஜனங்கள் டிவியை உடைத்துவிடுவார்கள் என்று ஹாஜியே எங்கேயோ அலைந்து, அதே படத்தின் நல்ல கேசட் ஒன்றைப் பிடித்து வந்தார். கரண்ட் இல்லாத வாரம் அது. ஜெனரேட்டர் டீசல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். அதனால் நல்ல கேசட்டை நப்போசா பார்க்கவில்லை. பார்த்த படம்தானே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை நிரம்பி வழிந்தது. படத்துக்காக வந்த கூட்டம் இல்லை, பெண் விஜே எப்படித் திணறுகிறாள் பார்ப்போம் என்று வந்த கூட்டம். முன்பெஞ்சில் தச்சுப் பட்டறை செக்கிட்டோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் யாரைக் கலாய்ப்பதென்றாலும் அவன்தான் ஆரம்பிப்பான். நாக்கிகாண்டா வேர்க்கடலைக் கூடையோடு நடுவில் இடம் பிடித்திருந்தாள். ஹாஜி கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்.

படம் ஆரம்பித்தது. ஒரு பெண் ரயிலிலிருந்து இறங்கி நடந்தாள். நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள்.

“இவங்கதான் நம்ம தெரேசா” என்றாள் நப்போசா மைக்கில். “அப்பாவோட சாவுக்கு வந்திருக்காங்க. அழுகல. கவனிச்சீங்களா? சரி, வழியில அழுதிருப்பாங்க.”

அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். கொட்டகைக்கு இது புதுசு. கசிரியே இந்நேரம் ரயிலுக்கே வம்சாவளி சொல்லியிருப்பார்.

“அக்கா, மைக் செத்துப்போச்சா?” என்றான் செக்கிட்டோ.

“மைக் நல்லாருக்கு தம்பி. அந்த மூணாவது படியப் பாரு. ஒத்தச் செருப்பு கெடக்குல்ல? பெரியவர் விழுந்து இத்தன நாளாச்சு, வீட்ல இத்தன பேரு இருக்காங்க. ஏன் யாரும் எடுத்து வைக்கல?”

எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் படி வரும்போதெல்லாம் கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டியது. தெரேசா பின்னுகிற துண்டு சிவப்பா பச்சையா என்று நடுவில் ஒரு சண்டை வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவரவர் இஷ்டம்! நாக்கிகாண்டா சிவப்பு என்று அடித்துச் சொன்னாள். தோட்டக்காரன் ஏரியில் பிணமாக மிதந்தபோது கொட்டகையில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. நப்போசாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இவர்கள் பயப்படுகிறார்கள், என் பேச்சுக்குப் பயப்படுகிறார்கள்!

ஆனால் ண்டேபா கொட்டகைக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. கெட்டவன் யாரென்று விஜே முதலிலேயே காட்டிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஜனங்கள் அவனைப் படம் முழுக்கத் திட்ட முடியும். திட்டாமல் பார்க்கிற படம் உப்பில்லாத பண்டம். காட்டிக் கொடுக்காத விஜே, படமே தெரியாத விஜே. நப்போசா பிடிகொடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக்கிடந்ததும் செக்கிட்டோ எழுந்து நின்றுவிட்டான்.

“அக்கா, போதும். கெட்டவன் யாரு? யாரத் திட்டுறதுன்னு தெரியாம எவ்வளவு நேரம்தான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது?”

“ஆமா, சொல்லு!” “இவளுக்கே தெரியாதுடா!” “நத்தேட்டேக்குப் போலாம் வாங்கடா!” பின்பெஞ்சில் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஹாஜி கதவோரத்திலிருந்து நப்போசாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நல்ல படத்தைப் பாதியில் உடைக்கிறோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் பெஞ்சு காலியானால் மைக் போயிற்று.

“டாக்டர்தான்!” என்று போட்டு உடைத்தாள். “அந்த மூஞ்சியப் பாருங்க, சிரிப்பு இருக்கா அதுல? டாக்டர் கிவும்பி, இவன்தான் எல்லாத்துக்கும் காரணம்!”

அப்பாடா! கொட்டகைக்கு உயிர் வந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். டாக்டர் திரையில் வரும்போதெல்லாம் காது கிழிய வசவு. “டேய் கிவும்பி, ஒன் ஊசிய ஒனக்கே போட்டுக்கடா!” என்றான் செக்கிட்டோ. டாக்டர் தெரேசாவுக்குத் தேநீர் கொண்டுவந்தால், “குடிக்காதம்மா!” என்று கூட்டமே கெஞ்சியது. தெரேசா துண்டு பின்னிக்கொண்டே லேசாகச் சிரித்தால், “என் தங்கம், இவளுக்குப் போயி இந்த வீடா!” என்று நாக்கிகாண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துண்டு நீளமாகிக்கொண்டே போனது. அதை யார் கவனித்தார்கள்?

கடைசிக் கட்டம் வந்தது. டாக்டர் மாடிப்படி ஏறினான். அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக. மேலே அறையில் தெரேசா தனியாக, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

“ஓடு தெரேசா!” கொட்டகை அதிர்ந்தது.

நப்போசா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். மைக்கை இரண்டு உதட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கத்தினாள். “தெரேசா, கதவப் பூட்டு! வர்றான், வந்துட்டான், பூட்டுடீ!”

கதவு திறந்தது. டாக்டர் உள்ளே வந்தான். அவன் கையில் ஊசி இல்லை, கத்தி இல்லை, ஒன்றுமே இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி நின்றான். அவன் கண்ணில் தண்ணீர். கீழே போலீஸ்காரர் போனை எடுத்தார், அதே வாக்கியத்தைச் சொன்னார். இப்போது படம் பளிச்சென்று தெரிந்தது. தெரேசா எழுந்தாள். அந்தத் துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து, முழு முகத்தோடு நம்மைப் பார்த்துச் சிரித்தாள்.

நப்போசா வாயடைத்துப் போனாள்.

விஜே பேசாத கொட்டகை எப்படி இருக்கும் என்று ண்டேபாவில் அதுவரை எவனுக்கும் தெரியாது. யாரைத் திட்டலாம் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள், கேட்டுத் திட்டலாம் என்று பழகியவர்கள் அவர்கள். இப்போது யாரும் சொல்லவில்லை. அவர்கள் தங்கமே என்று கொஞ்சியவள் துண்டோடு ஒரு அடி முன்னால் வைத்தாள். படத்தில் பின்னல் ஊசி ஒன்று தரையில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

நப்போசாவின் மண்டைக்குள் எல்லாம் சேர்ந்தாற்போல ஓடியது. அழாத மகள், படியில் செருப்பு, நீண்டுகொண்டே போன துண்டு. அவன் இல்லை, அவள்! பயம் வந்தால் சிரிக்கிற பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. அலறினாள். அடிவயிற்றிலிருந்து, மைக்குக்குள், குமிழை முழுசாகத் திருப்பிக்கொண்டு அலறினாள்.

“பன்னங்கே!” என்று, அதாவது ஐயோ என்று, மொத்தக் கொட்டகையும் கிளம்பியது. முதலில் வெளியேறியது யார் என்பதில் ண்டேபாவில் இரண்டு கருத்து கிடையாது. ஹாஜிதான். அவர் கதவு வழியாகப் போனார். மற்றவர்களுக்குக் கதவு ஞாபகம் வரவில்லை, பக்கச் சுவர் வழியாகவே போனார்கள். பலகைகள் அப்படியே ரோட்டில் சாய்ந்தன, ஜனங்கள் அதன்மேல் ஓடினார்கள். நப்போசாவின் மாவு மிதிபட்டுச் சப்பாத்தி ரோட்டளவு பரந்தது. நாக்கிகாண்டா வேர்க்கடலைக் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, மானம்தான் போனது. கடைசியாக நப்போசா, கையில் மைக்கோடு, பின்னால் அறுந்த ஒயர் இழுபட வந்து நின்றாள். ஓடுகிற ஓட்டத்தில் கைதவறிப் படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பொத்தானை அமுக்கியிருந்தாள். அதனால் உடைந்த சுவர் வழியாக, டிவியில், தெரேசாவின் முகம் லேசாக நடுங்கியபடி ரோட்டையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் செக்கிட்டோ தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். அது தொற்றிக்கொண்டது. ஒருவர் ஓடியதை ஒருவர் நடித்துக் காட்டினார்கள், தோளில் அடித்துக்கொண்டார்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

“ஏமாத்திட்டியேக்கா! டாக்டர் டாக்டர்னு சொல்லிச் சொல்லி எங்கள ஒரு பக்கம் பாக்க வச்சுட்டு, இந்தப் பக்கம் கழுத்த நெரிச்சுட்டியே!”

“சத்தியமா எனக்கும் தெரியாது தம்பி. நானும் டாக்டர்னுதான் நெனச்சேன்.”

“பாரு, பாரு! இன்னும் நடிக்கிறா!”

“அந்த அலறல் நடிப்புங்குறியா? எனக்கு உசுரே போச்சுடா!”

“ஐயோ, என்னமா நடிக்கிறா!” கூட்டம் மேலும் சிரித்தது. உண்மையைச் சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை.

ஹாஜி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. உடைந்த சுவரைப் பார்த்தார், உள்ளே வெறிச்சோடிக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

“பெஞ்சு காலி” என்றார்.

நப்போசா பெஞ்சுகளை எட்டிப் பார்த்தாள். காலிதான். ஒருத்தன்கூட இல்லை. “காலிதான் ஹாஜி” என்று சொல்லி, மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மிதிபட்ட மாவை வழிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதைப் புகை என்று சொல்லக்கூட அடுப்பு எரியவில்லை.

“அதெப்படி? படம் முடியலையே!” என்றான் செக்கிட்டோ.

“முடியல!” என்றாள் நாக்கிகாண்டா, கூடையிலிருந்தபடியே. “டாக்டர் பொழச்சானா இல்லையா? அதச் சொல்லாம நான் வீட்டுக்குப் போயி எப்படிச் சமைக்கிறது?”

“உள்ள போயி பாத்துக்கங்க, யாரு வேணாங்குறா” என்றார் ஹாஜி.

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். தெரேசா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கால்கூட முன்னால் வரவில்லை.

“நீங்க போயி பொத்தான அமுக்குங்க ஹாஜி.”

“நானா? எனக்கு... எனக்குச் செருப்பக் காணோம். மொதல்ல செருப்பத் தேடணும்.” ஹாஜி மைக்கைக் கையில் பிடித்தபடியே அங்கும் இங்கும் தேடினார். செருப்பு நப்போசாவின் அடுப்புக்குக் கீழே கிடந்தது. அவர் குனிந்தார், எட்டவில்லை. ஒரு முழங்காலை ஊன்றினார், அப்புறம் இன்னொன்றையும் ஊன்றினார்.

அந்த ஊர்ப் பக்கத்தில் பெண்கள்தான் ஆண்களுக்கு முன்னால் முழங்கால் போட்டு வணக்கம் சொல்வார்கள். ஒரு ஆண், அதுவும் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர், நடுரோட்டில் ஒரு சப்பாத்திக்காரிக்கு முன்னால், கையில் மைக்கை ஏந்திக்கொண்டு இரண்டு முழங்காலும் போட்டதை ண்டேபா பார்த்தது கிடையாது. செருப்பு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முதலில் நாக்கிகாண்டாதான் குலவையிட்டாள். அப்புறம் ரோடு முழுக்கக் குலவை, கைதட்டல், பைக் ஹார்ன்.

“ஹாஜி மைக்கக் குடுத்துட்டாரு! முழங்கால் போட்டுக் குடுத்துட்டாரு!”

“டேய், நான் செருப்பு...” என்று ஹாஜி தலையைத் திருப்பினார். சொன்னது அவருக்கே கேட்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், செக்கிட்டோ அவர் இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்து முத்தம் கொடுத்தான். ஹாஜி நப்போசாவைப் பார்த்தார். மாவு ஒட்டிய கையோடு, ஈரக் கண்ணோடு, அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவர் முகமும் இளகியது.

“எழுந்திருக்க விடமாட்டானுங்க போல. இந்தா, புடி” என்று மைக்கை நீட்டினார். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

“ஏம்மா, எங்கிட்ட மட்டும் சொல்லு. டாக்டர் பொழச்சுக்குவானா?”

“தெரியாது ஹாஜி. சத்தியமாத் தெரியாது” என்றாள் நப்போசா, எழுந்து, உடைந்த சுவரைப் பார்த்து நடந்துகொண்டே. “வாங்க, சேந்து பயப்படலாம்.”